டீச்சர் என்னையக் கேட்டாவளா?

போன இதழில், பள்ளிக்கூடம் போக மனசில்லாமல் தினமும் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். "டியூஷனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் அவனுக்கும் அவன் வகுப்பாசிரியருக்கும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்" என்று பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆசிரியர்கள் கொஞ்சம் கோபமாக, பெற்றோர் ஆதங்கமாக, பிள்ளைகள்கூட இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே பேசுவோம். யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ராத்திரி முழித்து வினாத்தாள் தயாரிக்கிறேன், சொந்தக் காசில் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறேன். ஆனாலும் கடைசி இரண்டு பெஞ்சும் என்னைக் கண்டுகொள்வதே இல்லை. அதில் ஒரு பையன் "டீச்சருக்கு எங்களைப் பிடிக்காது" என்று சொன்னானாம். மனசு ஆறவில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்? — ஓர் ஆசிரியை, முக்கூடல்

பதில்: டீச்சர், நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே நிஜமான அக்கறை, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் எதுவும் அந்தப் பையனின் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி நீங்கள் முழித்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் அவனைப் பொறுத்தவரை ஒரு தண்டனை, கிரிக்கெட் போச்சு என்றுதான் நினைப்பான். நீங்கள் இதற்கு மேல் உழைக்க வேண்டியதில்லை. உழைப்பில் கொஞ்சத்தை அவன் பார்க்கிற இடத்துக்கு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

நெல் நாடிங்ஸ் என்று அமெரிக்காவில் ஓர் அம்மா இருந்தார், பள்ளிக்கூடத்தில் உங்களைப் போலவே கணக்கு டீச்சராக இருந்து பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அக்கறை என்பதைப் பற்றியே ஆயுள் முழுக்க யோசித்தவர். 1984 இல் அவர் எழுதியதன் சாரம் இது: அக்கறை காட்டுகிறவர் எவ்வளவு காட்டினாலும் சரி, அதைப் பெறுகிறவர் 'என் மேல் இவர்களுக்கு அக்கறை இருக்கிறது' என்று உணராதவரை அது பாதியில் நிற்கிறது. நம்மில் பலருக்கு இது கசக்கும். நான் இவ்வளவு செய்கிறேனே, புரிந்துகொள்ள வேண்டியது அவன் பொறுப்பு இல்லையா என்று தோன்றும். பதினாலு வயசுப் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பை வைக்க முடியாது.

சரி, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வருகிற பிள்ளை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் என்ன கேட்கும் தெரியுமா? "டீச்சர் என்னையக் கேட்டாவளா?" அந்தக் கேள்விக்கு "ஆமால, கேட்டாவ" என்று பதில் வந்துவிட்டால் அன்றைக்கு அது நிமிர்ந்து உட்காரும். இன்றைக்கு வருகைப் பதிவை எல்லாம் போனில் எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் தட்டிவிடுகிறோம், ஆப்சென்ட் என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பதிவு வேறு, விசாரிப்பு வேறு. அவன் வந்த அன்றைக்கு, பாடம் ஆரம்பிக்கும் முன்னால், பெயரைச் சொல்லி "உடம்பு தேவலையா? நேற்று நடத்தினதை யாரிடம் பார்க்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம், அதுதான் அவன் படிப்பும் உங்கள் கணக்கில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லும்.

அடுத்தது, கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டதும் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், உடனே வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். அதிலும் நன்றாகப் படிப்பதாக நினைக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறார், படிக்காது என்று நினைக்கிற பிள்ளைக்கு இன்னும் குறைவாக. மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, கையே தூக்காத பிள்ளைகள் தூக்கின, "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று நொடி என்பது சும்மா இல்லை, நாற்பது பேர் முன்னால் மௌனமாக நிற்பது யாருக்கும் கஷ்டம். ஆனால் கடைசி பெஞ்ச் பையனுக்கு அந்த மௌனம் 'இவன் சொல்லுவான்' என்று நீங்கள் நம்புவதாகக் கேட்கும்.

ஏன் இதெல்லாம் கணக்கில் இவ்வளவு முக்கியம்? தப்பு விடாமல் யாரும் கணக்குக் கற்றுக்கொண்டதில்லை. போர்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் தப்பாகப் போட ஒரு பிள்ளைக்குத் தைரியம் வேண்டும், தப்பாகப் போட்டாலும் டீச்சர் நம்மைக் கேவலப்படுத்த மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தத் தைரியம் வரும். அது இல்லாத பிள்ளைக்கு ஒரே பாதுகாப்பு, கணக்கே எனக்கு வேண்டாம் என்று திரும்பி உட்கார்ந்துகொள்வது. பக்கத்துப் பையனை நோண்டுவதும் சிரிப்பதும் தூங்குவதும் பெரும்பாலும் அதுதான்.

நோட்டுத் திருத்தும்போது ஒரு நாளைக்கு ஐந்து நோட்டில் மட்டும், டிக்கும் கையெழுத்தும் போடுவதோடு நிற்காமல் ஒரு வரி எழுதுங்கள். "மூன்றாவது படி வரை சரியாக வந்திருக்கிறாய், குறியீட்டில்தான் தவறியிருக்கிறாய்." அவ்வளவு போதும். "நன்று" என்று எழுதுவதால் பிரயோசனம் இல்லை, எல்லா நோட்டிலும் அதுதான் இருக்கிறது. ஒரு வாரத்தில் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் அவனை விட்டுவிட்டார்கள், நீங்களும் விட்டுவிடுவீர்களா என்று கொஞ்ச நாள் பார்ப்பான். காலாண்டு வரைக்கும் விடாமல் செய்யுங்கள்.

கேள்வி: பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறிவிடுவார்கள், அரையாண்டு வரைக்கும் சிரிக்காதே என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இது முதல் வருஷம். அன்பாக இருந்தால் பயம் போய்விடுமா? "அடியாத மாடு படியாது" என்று எங்கள் வீட்டிலும் சொல்கிறார்கள். — ஓர் இளம் ஆசிரியர், களக்காடு

பதில்: தம்பி, முதலில் அந்தப் பழமொழியைத் தூக்கிப் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனசு நோகும்படி வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 2010 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் அது. "மூதி", "எருமை மாடு", "உன் அப்பன் மாதிரியே நீயும் போ" என்பதெல்லாம் அடி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர்.

ஆனால் உங்கள் சீனியர்கள் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை ஒதுக்க வேண்டாம். சிரித்துக்கொண்டே இருந்து, ஹோம்வொர்க் செய்யாவிட்டாலும் "பரவாயில்லை" என்று விட்டு, எல்லாருக்கும் ஐந்து மார்க் சேர்த்துப் போட்டால் பிள்ளைகள் உங்களை மதிக்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. இந்த சாருக்கு நாம் படித்தாலும் ஒன்றுதான் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. 'பாவம், பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை, இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்' என்று நினைத்து எளிய கேள்வியை மட்டும் அதனிடம் கேட்கிற ஆசிரியர் நல்ல மனசுக்காரராகத்தான் இருப்பார். அந்தப் பிள்ளைக்கு அவரால் நன்மை இல்லை.

அலாஸ்காவில் சிற்றூர்களிலிருந்து நகரத்துப் பள்ளிகளுக்கு வந்து தடுமாறிய பழங்குடிப் பிள்ளைகளை ஜூடித் க்ளைன்ஃபெல்ட் என்பவர் ஆராய்ந்து 1975 இல் எழுதினார். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்: ஆளோடு ஆளாக நெருக்கமாகப் பழகினார்கள், படிப்பில் கறாராக இருந்தார்கள். நெருக்கம் மட்டும் இருந்தவர்களிடமும் பிள்ளைகள் பெரிதாகக் கற்கவில்லை, கறார் மட்டும் இருந்தவர்களிடமும் கற்கவில்லை. வரிசையும் கவனியுங்கள், நெருக்கம் முதலில் வந்தது. அது இருந்ததால்தான் கறாரைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள்.

2014 இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. கட்டுரையை ஆசிரியர் திருத்திக் கொடுக்கும்போது சில பிள்ளைகளின் தாளில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது: உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அது முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் போட்டிருக்கிறேன் என்ற பொருளில். மற்றவர்களுக்குப் பொதுவான ஒரு சீட்டு. சிவப்பு மை இரண்டு தாளிலும் ஒன்றுதான். ஆசிரியர்கள் தங்களை ஒதுக்குவார்கள் என்ற சந்தேகம் அதிகம் இருந்த கறுப்பினப் பிள்ளைகளில், கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தவர்கள் அந்த ஒரு வரியால் பல மடங்கு கூடினார்கள்.

அதனால் முதல் நாளே சிரியுங்கள். அதே நாள் ஹோம்வொர்க்கும் கேளுங்கள். செய்யாமல் வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள், காரணம் எதுவானாலும் மதிய இடைவேளையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: என் மகன் எட்டாவது. போன வருஷம் அறிவியல் எடுத்த சாரை அவனுக்கு உயிர். வீட்டில் பழைய பேட்டரியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது அறிவியல் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு வாத்தியாரை நம்பியா பிள்ளை படிப்பு இருக்கிறது? — ஆட்டோ ஓட்டும் தந்தை, வள்ளியூர்

பதில்: அண்ணாச்சி, ஒரே ஒருவரை நம்பித்தான் பல பிள்ளைகளின் படிப்பு இருந்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை என்று பல கஷ்டங்களில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் நல்லபடியாகவே ஆளானார்கள். அவர்களை விசாரித்தபோது திரும்பத் திரும்ப வந்த விஷயம், பெற்றோர் அல்லாத யாரோ ஒரு பெரியவர் அவர்கள் மேல் விடாமல் அக்கறை வைத்திருந்தார் என்பது. சிலருக்கு அது ஆச்சி, சிலருக்கு அக்கம்பக்கத்தார், பலருக்கு ஓர் ஆசிரியர்.

உங்கள் மகனுக்கு இப்போது இருப்பது படிப்பு வெறுப்பு இல்லை, வருத்தம். அதை வருத்தமாகவே நடத்துங்கள். "ஒரு வாத்தியார் போனால் என்னல" என்று சொல்லிவிடாதீர்கள். "அந்த சார் இருந்தா இதை எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பாவ?" என்று கேட்டுப் பாருங்கள், அவனே பேச ஆரம்பிப்பான். அப்புறம் புது ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். குறை சொல்லப் போக வேண்டாம். "இவனுக்குப் பேட்டரி, ஒயர் என்றால் பைத்தியம் சார், வகுப்பில் ஏதாவது செய்து காட்டும்போது இவனைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு தகவலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்கு உங்கள் மகன் இன்னும் வெறும் ரோல் நம்பர்தான், அதை மாற்ற உங்களால் முடியும். சவாரியை ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும், போங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்குகிறான். எத்தனை தடவை எழுப்பி நிற்க வைத்தாலும் அதே கதை. — ஓர் ஆசிரியை, மானூர்

பதில்: காலையில் சாப்பிட்டானா என்று கேட்டீர்களா டீச்சர்? 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் பொங்கலும் உப்புமாவும் தின்றுவிட்டு உட்கார்ந்த பிள்ளை, ஆறாவதுக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வருகிறது. வீட்டில் அம்மா விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்றுதான் 1956 இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார், அன்றைக்கு எட்டயபுரம் நம் திருநெல்வேலி மாவட்டம்தான்.

பசி இல்லை என்றால் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள். பீடி இலை வெட்டிக் கொடுத்திருக்கலாம், போன் பார்த்திருக்கலாம், அப்பா குடித்துவிட்டு வந்து வீடே முழித்திருந்திருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பான். தனியாக, நடந்துகொண்டே கேளுங்கள். நிற்க வைப்பதை இன்றோடு விடுங்கள்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். மகள் பத்தாவது. நன்றாகப் படிக்கிறவளும் இல்லை, மோசமும் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் முதல் மார்க் பிள்ளைகளின் அம்மாவிடமும் சேட்டை பண்ணுகிற பிள்ளைகளின் அம்மாவிடமும்தான் டீச்சர்கள் பேசுகிறார்கள். "உங்க பிள்ளை ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்று என்னை அனுப்பிவிடுகிறார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. — ஒரு தாய், வீரவநல்லூர்

பதில்: குறை சொல்ல நிறைய இருக்கிறது அக்கா. நம் பள்ளிகளில் யார் கண்ணிலும் படாமல் வளர்கிற பிள்ளைகள் இவர்கள்தான். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் போட்டு அவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு, முதல் மார்க்குக்காரர்களுக்கு மாலை வகுப்பு உண்டு. அறுபது மார்க் வாங்கி, சத்தம் போடாமல், இரட்டைச் சடையோடு நடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். அமைதியாக இருப்பதாலேயே அவள் பாடத்தில் மனசு வைத்திருக்கிறாள் என்று ஆகிவிடாது. போர்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு மனசு எங்கேயோ இருக்கிற பிள்ளைகள் ஏராளம். பத்தாவது முடிந்ததும் 'இதுக்கு மேல படிச்சு என்ன' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதும் இந்தப் பிள்ளைகள்தான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் என் எண்ணம்.

அடுத்த கூட்டத்தில் "பிரச்சனை இல்லை" என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். "என் மகள் எந்தப் பாடத்தில் தானாகக் கேள்வி கேட்கிறாள் டீச்சர்?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் வகுப்பில் அவர்கள் கண் அவள் பக்கம் போகும். இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேலை: இன்றைக்கு ராத்திரி வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத மறந்துபோன பெயர்கள் யாருடையவை என்று பாருங்கள்.

கேள்வி: மாணவர்களோடு நெருக்கமாக இருக்க வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசலாமா? — ஓர் ஆசிரியர், திசையன்விளை

பதில்: வேண்டாம். வகுப்புக் குழுவில், பெற்றோரும் இருக்கிற இடத்தில் பேசுங்கள். தனியாகப் பேச வேண்டியது இருந்தால் பள்ளி வளாகத்தில், நாலு பேர் பார்க்கிற வராந்தாவில் நின்று பேசுங்கள். உங்கள் மனசு சுத்தமாகவே இருக்கலாம், ஆனால் ஆசிரியர் ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்புவது சாதாரணம் என்று ஒரு பிள்ளை பழகிவிட்டால், நாளைக்கு கெட்ட எண்ணத்தோடு ஒருவர் அனுப்பும்போது அதற்குச் சந்தேகமே வராது. பிள்ளைகளே, யாராவது அப்படித் தொல்லை கொடுத்தால் 1098 க்கு அழைக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 இலும் சொல்லலாம்.

கேள்வி: நான் பிளஸ் ஒன். புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் ஒரு சார் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். அன்றையிலிருந்து என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நான் கை தூக்கினாலும் பார்ப்பதில்லை. நானாகக் கற்பனை பண்ணுகிறேனா? எனக்கு அந்தப் பாடமே வெறுத்துப்போய்விட்டது. — ஒரு மாணவன், ஊர் வேண்டாம்

பதில்: தம்பி, நீ கற்பனை பண்ணுகிறாய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த சாரின் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நம் ஊரில் "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வேறு ஊரில் பிள்ளைகளோடு பழகுவதற்காகக் கேட்கிற சாதாரணக் கேள்வியாக அது இருக்கலாம். தாமிரபரணிக் கரையில் அது சாதியைக் கேட்பது. நல்ல எண்ணத்தோடு கேட்கிற ஆசிரியர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெருவைக் கேட்க வேண்டாம். எந்த பஸ்ஸில் வருகிறாய், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா, என்ன விளையாடுவாய் என்று கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் பாடம் நடத்த உதவும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் யாரும் மறக்க முடியாது, சாதியின் பேரில் கூடப் படித்த பிள்ளைகளே அரிவாளோடு ஒரு மாணவன் வீட்டுக்குள் புகுந்தார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது என்று அதில் இருந்ததைப் பெரிதாகப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்த்து வைத்த பிறகும், யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம், யாரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறோம், யாரைப் பெருக்கச் சொல்கிறோம், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரை "ஏலே" என்று கூப்பிடுகிறோம் என்பதில் சாதி அப்படியே இருக்கலாம். பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் புரிந்துவிடுகிறது. ஓர் ஆசிரியர் தன்னைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்த பிறகு அவர் பாடத்தில் ஒரு பிள்ளையால் எப்படி மனசு வைக்க முடியும்? நீ அந்தப் பாடத்தை வெறுப்பது உன் குறை இல்லை.

இனி நீ செய்யக்கூடியது. அந்தப் பாடத்தில் ஒரு சந்தேகத்தை நோட்டில் எழுதிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அவரிடமே கேட்டுப் பார். நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் நல்லது, மறுபடியும் போ. முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அதோடு அவரை விட்டுவிடு, அந்தப் பாடத்தை மட்டும் விடாதே. பள்ளியில் உன்னிடம் ஒழுங்காகப் பேசுகிற வேறு ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார், பி.டி. சாராக இருக்கலாம், நூலகத்தில் இருக்கிறவராக இருக்கலாம், அவரிடம் இதை அப்படியே சொல். வெளிப்படையாக உன்னை ஒதுக்கினாலோ சாதியைச் சொல்லிப் பேசினாலோ தேதி போட்டு எழுதி வை, 14417 க்கு அழை, வீட்டில் சொல். வள்ளியூர் அண்ணாச்சிக்கு மேலே எழுதியதை நீயும் படி, நிலையாக ஒருவர் இருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: நீங்கள் எழுதுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எமிஸ் பதிவு, பயிற்சி வகுப்பு, புத்தகம் சைக்கிள் விநியோகம், பிள்ளைகளின் வங்கிக் கணக்கு, ஆதார் என்று எங்கள் ஆசிரியர்கள் பாதி நாள் குமாஸ்தா வேலை பார்க்கிறார்கள். இரண்டு பணியிடம் காலி. இதில் ஒவ்வொரு பிள்ளையையும் விசாரிக்க நேரம் எங்கே? — ஒரு தலைமை ஆசிரியர், சேரன்மகாதேவி

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் கணக்குக்குக் குறைவாக ஆள் கொடுத்துவிட்டு, அன்பாக இருங்கள் என்று ஆசிரியரிடம் மட்டும் கேட்பது அநியாயம். காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்டு பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள், பெற்றோர் கையெழுத்தோடு போனால் அதற்கு ஒரு கனம் உண்டு.

அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். முதல் பீரியடில் ஸ்டாஃப் ரூமிலிருந்து யாரையும் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிடாதீர்கள், எந்தச் சுற்றறிக்கையும் பத்தரை மணிக்கு மேல் போகட்டும். வகுப்பாசிரியருக்கு அந்த முதல் பத்து நிமிஷம் முழுசாகக் கிடைத்தாலே பாதி விசாரிப்பு நடந்துவிடும். அப்புறம் உங்கள் ஆசிரியர்களை நீங்கள் விசாரியுங்கள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கிற டீச்சரிடம் லீவு விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காமல் "இப்போ எப்படி இருக்காவ?" என்று கேட்கிற தலைமை ஆசிரியரின் பள்ளியில், அந்த டீச்சர் வகுப்புக்குள் நுழையும் முகமே வேறாக இருக்கும். தன்னை யாருமே கேட்காத இடத்தில் ஓர் ஆள் எத்தனை வருஷம் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்க முடியும்?

இன்னொன்று, பணம் செலவில்லாதது. ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருப்பவரையே அந்தப் பிள்ளைகளோடு ஏழு, எட்டு வரைக்கும் கூடப் போக விடுங்கள். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் புது வகுப்பாசிரியர், பிள்ளைகளின் பெயரும் குணமும் வீட்டு நிலவரமும் அவருக்குப் பிடிபட அக்டோபர் ஆகிவிடுகிறது, ஏப்ரலில் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மார்க்கை வைத்து 2018 இல் வந்த ஓர் ஆய்வு, அதே ஆசிரியரிடம் இரண்டாவது வருஷமும் படித்த பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக முன்னேறியதைக் காட்டியது. பெரிய தாவல் இல்லை, ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்தது. எல்லா ஆசிரியருக்கும் இது ஒத்துவராது, ஒரு பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் சுத்தமாக ஆகவில்லை என்றால் மூன்று வருஷம் கட்டிப்போடுவது கொடுமை, அந்த இடத்தில் பிரிவை மாற்றிக் கொடுக்க வழி வைத்துக்கொள்ளுங்கள். வரும் மே மாதம் அடுத்த வருஷத்துக்கு வகுப்பு ஒதுக்கும்போது, ஒரே ஒரு பிரிவில் மட்டும், விருப்பப்படுகிற ஓர் ஆசிரியரிடம் கேட்டு ஆரம்பித்துப் பாருங்கள். காலாண்டுக்குப் பிறகு எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.